புறாமலையும் நெய்தலின் கருப்பொருளும்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கடலினின்றும் எழுந்து நிற்கும் கற்குன்றொன்று தென்படும். கரைக்கும் அதற்கும் இடைத்தூரம் ஒரு கிலோமீற்றரளவே. அதன் அருகே இன்னும் சிறியதொரு கற்றிட்டும் உண்டு. ஆங்கில ஆவணங்களும் அவற்றைத் தழுவிய அறிவித்தல்களும் இதனைப் புறாத்தீவு என வழங்க, கரைவாழ் மக்கள் புறாமலை என்றே சொல்லி வருகின்றனர். மாடப்புறாக்கள் அதன் பாறை இடுக்குகளில் வாழ்வதாற் பெயரின் முற்பகுதி பற்றி ஐயமில்லை. பிற்பகுதியே சிந்தனைக்குரியது. ஒரு நிலத்தைத் தீவு எனக் காண்பதற்கு அதனைச் சூழ்ந்த நீர் முழுவதையும் ஒருசேர மனத்திற் கொள்ளல் வேண்டும். அது வரைபடத்தின் பார்வை. தோணியிலிருந்து கரைக்குத் திரும்புவோனுக்குத் தெரிவது உயரம். அலைக்கு மேலே எழுந்து திசைகாட்டும் மலை. இதனை மொழிநூல் முடிபாக நாம் கூறவரவில்லை. ஒரே பொருளை இருவேறு நிலைகளினின்று நோக்கியோர் இருவேறு பெயரிட்டனர் என்றும், அவ்விரு பெயருள் ஒன்றே ஆவணத்தில் ஏறியது என்றும் ஈண்டுக் குறித்துக்கொள்வோம்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த காலத்தில் இக்குன்று சுடுபயிற்சிக்கு இலக்காக இருந்தது. 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டெயர். ஆயின் பெரிய தீவின் நீளம் 200 மீற்றரளவும் அகலம் 100 மீற்றரளவுமேயாகும். அஃதாவது, தீவின் பெயரால் வழங்கும் இக்காப்பிடத்தின் மிகப் பெரும்பகுதி கடலே. காக்கப்படுவனவும் பெரும்பாலும் கடலினுள்ளேயே உள்ளன: முருகைக்கற்பாறைகள், அவற்றை அண்டி வாழும் நூற்றுக்கணக்கான மீனினங்கள், ஆமைகள், கரைநீரில் உலவும் கருநுனிச் செட்டைச் சுறாக்கள். 1998ஆம் ஆண்டின் கடல்வெப்பத்தால் இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பல வெளிறி மாண்டபோது, திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பின என்பது இவ்விடத்தின் அருமையை உணர்த்தப் போதியதாகும். எனவே காப்பு வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. காப்போர் யாவர், அவர்க்கு அவ்வதிகாரம் எங்ஙனம் வந்தது, அதே கடலிற் றொழில் செய்தோர் அக்காப்பில் எந்த இடத்தில் வைக்கப்பட்டனர் என்பனவே எம் வினாக்கள்.

இவ்வினாக்களைத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரிற் கேட்பானேன் எனச் சிலர் ஐயுறலாம். காரணம் உண்டு. அண்மைக்காலத் தமிழ்த் திறனாய்விலே, திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் விளக்கும் போக்கு வலுப்பெற்றுள்ளது. சங்கச் சான்றோர் இயற்கையைப் போற்றினர், திணை வாழ்வே சூழற் காப்பு வாழ்வு, மேனாட்டார் இன்று கண்டறிவதைத் தொல்காப்பியர் அன்றே கூறினார் என்னும் வகையான கூற்றுக்கள் கருத்தரங்கக் கட்டுரைகளில் மலிந்து காணப்படுகின்றன. இக்கூற்றுக்கள் கேட்பதற்கு இனியவை. ஆயின் நிலாவெளிக் கரையில் ஒரு மீன்பிடியாளனின் உரிமை பற்றிய வழக்கு எழுமாயின், இவற்றுள் எதுவும் அவனுக்குக் கைகொடுக்காது. ஏனெனில் இவை திணையை ஒரு காட்சியாகவே கொள்கின்றன. காட்சிக்குப் பார்ப்போன் ஒருவன் போதும். நமது சட்டமும் அதே பார்ப்போனையே வேண்டி நிற்கிறது.

சட்டத்தை முதலில் நோக்குவோம். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில், குடியேற்ற ஆட்சியின்கீழ் இயற்றப்பட்டது. பின்னர்ப் பல முறை திருத்தப்பட்டபோதும் அதன் அடிப்படைப் பாகுபாடு மாறவில்லை. ஒருபுறம் சரணாலயம், அங்கு தனியார் நிலமும் மக்கள் நடமாட்டமும் ஓரளவுக்கு இடம்பெறலாம். மறுபுறம் தேசிய பூங்கா. அது அரச நிலத்தில் மட்டுமே அமையும், அதனுட் புகுவோர் அனுமதி பெறல் வேண்டும், புகுதற்குரிய நோக்கமும் அங்குள்ள உயிர்களையும் தாவரங்களையும் அவதானித்தலே. இச்சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்தால் அதன் நடுநாயகமான வினைச்சொல் புலப்படும்: காண்டல். பூங்காவினுட் சாதாரண மனிதன் ஒருவன் செய்யத்தக்கது அஃதொன்றே. பிடித்தல், எடுத்தல், இறக்குதல், உலர்த்தல், வலைவீசல் முதலாய வினைகள் யாவும் குற்றத்தின் பக்கத்தைச் சேர்ந்தன. 1963இற் சரணாலயமாயிருந்தது 2003இற் பூங்காவானபோது நிகழ்ந்தது வெறும் பெயர் மாற்றமன்று. அக்கடலிலே சட்டத்துக்கு அமைவான மனிதன் யார் என்பதே மாற்றம் பெற்றது. முன்னர் அங்கே மீன் தேடிச் சென்றவர்களுட் பலர் இன்று காண வருவோரை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளாயினர். அது வருவாய் தரும் தொழிலே, குறைகூறற்குரியதன்று. ஆயினும், தான் அறிந்த கடலைப் பிறர் காணுமாறு உடன்செல்லும் ஏவலாளன் நிலைக்கும், அக்கடலின் காப்பை முடிவு செய்யும் அவையில் அமரும் நிலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

இக்காண்டற் சட்டத்தின் பிறப்பிடம் யெலோஸ்டோன். ஐக்கிய அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டில் உருவான அப்பூங்கா, மனிதர் வாழாத தூய இயற்கை என்னும் கற்பனையைப் பின்வந்தோர்க்கு வழங்கியது. அங்கே காலங்காலமாக வேட்டையாடித் திரிந்த குடிகள் அக்கற்பனைக்கு இடையூறாயினர். இலங்கையில் அதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மாதுறு ஓயா. 1983ஆம் ஆண்டில் அப்பகுதி தேசிய பூங்காவானபோது, தலைமுறைகளாக அக்காட்டில் வாழ்ந்த தம்பானை வேடர் மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பெயர மறுத்து நின்ற மூத்தோர் ஊருவரிகே திசாஹாமி 1998இல் மறையும் வரை, தம் மூதாதையர் காட்டிலே வேட்டையாடுதல் குற்றமாக எண்ணப்படும் நிலையைக் கண்டுகொண்டே வாழ்ந்தார். வேடரைக் காணவும் பயணிகள் வந்தனர் என்பது இக்கதையின் கசப்பான பின்னிணைப்பு. காட்டிலே தொழில் செய்யும் வேடன் குற்றவாளியானான். ஊரிலே காட்சிக்கு நிற்கும் வேடன் பண்பாட்டுச் செல்வமானான்.

இனித் திணைக்கு வருவோம். தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் கருப்பொருளை வகுக்குமிடத்து, அந்நிலத்துத் தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் புள்ளையும் பறையையும் எண்ணி, அவற்றோடு செய்தியையும் யாழையும் சேர்க்கிறது. செய்தி என்பது தொழில். உரையாசிரியர்கள் நெய்தற்குச் செய்தியாக மீன்படுத்தலையும் உப்பு விளைத்தலையும் கூறுவர். நம் திறனாய்வாளர் புள்ளையும் மரத்தையும் விரித்துப் பேசுவர். செய்தியைப் பட்டியலில் ஒரு சொல்லாகக் கடந்துசெல்வர். உண்மையில் இப்பட்டியலின் வியப்பு அங்கேதான் உள்ளது. அன்றிலும் புன்னையும் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, வலையிழுக்கும் உழைப்பும் அதே வரிசையில் நிற்கிறது. உழைப்பு, நிலத்தின்மீது வெளியேயிருந்து வந்து விழுந்த ஊறாகக் கொள்ளப்படவில்லை. நிலத்திற் கருக்கொண்ட பொருள்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. யெலோஸ்டோன் வகுத்த பட்டியலில் விலங்குண்டு, மரமுண்டு, புள்ளுண்டு, செய்தி இல்லை.

எனினும் இதனை வைத்துக்கொண்டு பழந்தமிழர் அனைவரும் சூழற் காவலர் எனப் பறைசாற்றுதல் பொருந்தாது. தொல்காப்பியம் ஓர் இலக்கண நூல். அது பாட்டுக்கு விதி கூறிற்றேயன்றி மீன்பிடிக்கு விதி கூறவில்லை. மேலும் நெய்தற் பாடல்கள் பலவற்றிலே பரதவர் பின்னணியிலேயே நிற்பர். முன்னணியில் நிற்பவன் தேரூர்ந்து வரும் தலைவன். துறைவன், சேர்ப்பன், கொண்கன் என்னும் அவன் பெயர்கள் துறைக்கும் கரைக்கும் அவனை உரியவனாக்குகின்றன. வலை உலர்த்துவோர்க்கு அத்தகைய பெயர் இல்லை. கடலின் உரிமை யாருடையது என்னும் வினா, ஆகவே, சங்கப் பாடலுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதனைத் தோண்டாமல் இயற்கை வருணனையில் மட்டும் மகிழ்தல் திறனாய்வாகாது.

அவ்வினா வெளிப்படையாகவே வெடிக்கும் பாடல் ஒன்றுண்டு; அது நற்றிணையின் 45ஆம் பாடல். தேர்ச் செல்வனொருவன் நெய்தற் சிறுகுடிப் பெண்ணை நாடி வர, தோழி அவனை எதிர்கொண்டு நிறுத்துகிறாள். இவளோ கடல்புகுந்து மீன் எறியும் பரதவர் மகள். நீயோ கொடி பறக்கும் கடைத்தெருவுடைய மூதூர்ச் செல்வனின் மகன் என இருவர் நிலையையும் அருகருகே வைக்கிறாள். நிணமிக்க சுறாவை அறுத்துக் காயப்போட்டு, அதனைக் கவர வரும் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகென்ன வேண்டிக்கிடக்கிறது என்கிறாள். எம்மேல் மீன்வாடை வீசும், தள்ளி நில் என்கிறாள். இறுதியில், எங்கள் எளிய வாழ்க்கை உன் வாழ்க்கை போன்றதன்று, ஆயினும் தலைமைக்குரியோர் எம்மவருள்ளும் உளர் என முடிக்கிறாள். இப்பாடலைக் குறைநயப்பித்தல், சேட்படுத்தல் எனத் துறைவகுத்து, காதலனின் வேட்கையை மிகுவிக்கும் உத்தியாக விளக்குவதே மரபு. அவ்விளக்கம் பிழையன்று, ஆயின் போதாது.

இப்பாடலிற் பறவையும் சுறாவும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்று பாருங்கள். இன்று புறாமலைக்குச் செல்லும் பயணி சுறாவைக் காணச் செல்கிறான், கண்டால் மகிழ்கிறான். பாடலின் பெண் சுறாவை அறுக்கிறாள். பயணிக்குப் பறவை தொலைநோக்கியின் பொருள். அவளுக்கு அது உணவைக் கவரும் போட்டியாளன், ஆகவே ஓட்டப்படுவது. இயற்கையோடு ஒன்றிய வாழ்வு என நாம் போற்றும் வாழ்விலே சுறா அறுக்கப்படுவதும் பறவை விரட்டப்படுவதும் அடங்கும். நாற்றமும் அடங்கும். அந்நாற்றத்தை நீக்கிவிட்டு நெய்தலை நுகர விரும்பும் திறனாய்வும், மீனவனை நீக்கிவிட்டுக் கடலைக் காக்க விரும்பும் சட்டமும் ஒரே வகுப்பினரின் ஆக்கங்கள் என்று சொன்னால் மிகையாகுமோ? பாடலின் இறுதிக் கூற்று இன்னும் கூர்மையானது. எம்மவருள்ளும் தலைமைக்குரியோர் உளர் என்பது இரக்கத்தை வேண்டும் குரலன்று. தம் கரையின் விவகாரத்தை நடத்தத் தம்முள்ளே ஆளுண்டு எனக் கூறும் குரல். ஆட்சியுரிமை பற்றிய பேச்சு அது. காதற் பாட்டினுள் மறைந்திருந்தமையால் நாம் கவனியாது விட்டோம்.

ஈழத்து நவீன இலக்கியத்திலே இக்குரலின் தொடர்ச்சியைத் தேடுவோர் மூதூரில் வந்து நிற்பர். கொட்டியாரக் குடாவின் கரையில் வாழ்ந்து எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்னும் சிறுகதை, தனக்கெனத் தோணி ஒன்று வேண்டும் என்னும் மீனவ இளைஞனின் ஆசையை மையமாகக் கொண்டது. அதனைக் காதற்கதையாக வாசிப்பவரும் உளர். வறுமைக் கதையாக வாசிப்பவரும் உளர். எம் நோக்கில் அது உடைமைக் கதை. அங்கே கடலை எவரும் அழகென்று நின்று பார்ப்பதில்லை. கடலை அடைவதற்குரிய கருவி யாருடையது என்பதே கேள்வி.

ஆனால் ‘எம்மவர்’ என்று சொல்வது யார்? இங்குதான் திருகோணமலை பிற இடங்களினின்றும் வேறுபடுகிறது. உலகெங்கும் இன்று தீவுகளின் காப்பை அவற்றின் பூர்வ குடிகளிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம் அவர்தம் நிலவுரிமைக்கு அறநிலை ஆதாரம் தந்தது. ஆயின் திருகோணமலைக் கடலின் பூர்வ குடி யார் எனக் கேட்டால், விடை கூறுவோன் எந்தக் கரையில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தே விடை வரும். துறைமுகத்துக்குத் தெற்கே மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரைப் பக்கங்களிலே கரையோர வேடர் வாழ்கின்றனர். அவர்தம் மொழி தமிழ்; தொழில் மீன்பிடியும் சேனைப் பயிரும் காட்டுபடு பொருள் சேர்த்தலும். வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரைகளிலே தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகத் தொழில் செய்கின்றனர். மேற்குக் கரையிற் கச்சான் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே அக்கரையின் மீனவர் கிழக்கே வந்து வாடியடித்துத் தொழில் செய்வதும் நெடுங்கால வழக்கமே. இவற்றின் மேலாக, 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை நிகழ்ந்த போர் ஊர்களைப் பெயர்த்தது. கடலுக்குச் செல்ல நேரக்கட்டுப்பாடும் அனுமதியும் வந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மிஞ்சியிருந்த தோணிகளையும் வலைகளையும் கொண்டு சென்றது. எவன் எப்போது வந்தான் என்று கணக்குப் பார்ப்பது இம்மாவட்டத்தில் வரலாற்று ஆராய்ச்சியாக நிற்பதில்லை. அது விரைவிலேயே வாய்ச்சண்டையாகும், சில வேளைகளில் அதனினும் கொடிதாகும்.

பூர்வ குடி என்னும் சொல்லையே ஐயத்தோடு கையாள வேண்டுமென்பதற்கு நூற்சான்றும் உண்டு. செலிக்மான் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூல், தூய வேடனைத் தேடிய நூல். அதிற் கரையோர வேடர்க்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆயின் தமிழ் பேசுவோர், தமிழரோடு மணவுறவு கொண்டோர், கடற்றொழில் செய்வோர் என்பதனால் அவர்கள் அந்நூலின் ஓரத்திலேயே வைக்கப்பட்டனர். குகையில் வாழ்பவனே முழு வேடன். வலையிழுப்பவன் கலப்பு வேடன். இந்த அளவுகோலை நாம் ஏற்றுக்கொள்வோமாயின், மாறாதிருப்பவனுக்கே உரிமையுண்டு, மாறியவன் அதனை இழந்தான் என்றாகும். உயிர்வாழ்ந்த எக்குடிதான் மாறாதிருந்தது? காண்டற் சட்டத்தின் தருக்கமும் இதுவே: இயற்கை தூயதாக இருத்தல் வேண்டும், அதனுள் இருக்கும் மனிதனும் தூயவனாக இருத்தல் வேண்டும், இன்றேல் வெளியேறல் வேண்டும்.

இச்சிக்கலுக்கு விடைதேடும் எம் கவனத்தை ஈர்த்தது, எங்கோ தொலைவில், கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய்த் தீவுக்கூட்டத்தில் எழுந்த ஒரு பத்திரம். ஹைடா மக்கள் அத்தீவுகளின் பழங்குடியினர். 1862ஆம் ஆண்டின் பெரியம்மையால் அவர்தம் ஊர்கள் பல வெறிச்சோடின. தென் தீவுகளின் பெருமரங்களை வெட்டுதற்கு எதிராக 1985ஆம் ஆண்டில் லயெல் தீவிலே அவர்கள் வழிமறித்து நின்றனர். 72 பேர் கைதாயினர். அதே ஆண்டில் அப்பகுதியைத் தம் மரபுரிமை இடமாக அவர்களே பிரகடனம் செய்தனர். பின்னர் 1993ஆம் ஆண்டில் ஹைடா மக்களவைக்கும் கனடிய அரசுக்கும் இடையே குவாய் ஹானாஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுக்கூட்ட முகாமை அவையில் இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து, இணக்கத்தின் வழியே முடிவு செய்வர். 1981ஆம் ஆண்டிலேயே தொடங்கிய ஹைடாக் காவலர் முறையின்படி, கோடை மாதங்களில் அம்மக்களே பழைய ஊரிடங்களில் தங்கிக் காவல்புரிந்து வருவோர்க்கு வழிகாட்டுகின்றனர். 2010ஆம் ஆண்டிற் சூழ்ந்துள்ள கடலும் இவ்வேற்பாட்டுள் வந்தது.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைத்தது அப்பத்திரத்தின் வடிவத்துக்காக. நிலம் யாருடையது என்னும் வினாவிலே இரு தரப்பும் உடன்படவில்லை. உடன்படாமையை மறைக்கவும் இல்லை. பத்திரத்திலே இரு நிரல்கள் அருகருகே அச்சிடப்பட்டன. ஒரு நிரல், இத்தீவுகள் ஹைடா மக்களின் நிலம், அவர்தம் பரம்பரைத் தலைவர்களின் இறைமைக்கும் மக்களவையின் ஆணைக்கும் உட்பட்டது எனக் கூறும். மற்றைய நிரல், இவை முடிக்குரிய நிலம், அரசியின் இறைமைக்கும் கனடிய நாடாளுமன்றத்தின் ஆணைக்கும் உட்பட்டவை எனக் கூறும். அதன் பின்னரே, இவ்வேறுபாடு நிற்க, காக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறோம் என்று இருவரும் பேசத் தொடங்குகின்றனர். நற்றிணைத் தோழி, இவளோ, நீயோ என இரு நிலைகளையும் அருகருகே வைத்துப் பேசிய முறைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதே. ஆயினும் எம்மால் அதனைக் காணாதிருக்க முடியவில்லை. நிலவுரிமை வழக்கு முடியும் வரை காத்திருந்தால், காக்கப்படவேண்டிய மரம் ஒன்றும் மிஞ்சியிராது என அவர்கள் உணர்ந்திருந்தனர். 2024ஆம் ஆண்டிலேயே பிரித்தானியக் கொலம்பிய அரசு ஹைடா மக்களின் நிலவுரிமையை ஏற்றது. அதற்கு முன் முப்பதாண்டுகளாக இரு நிரல்களும் ஒரே தாளில் நின்று பணிசெய்தன.

ஹைடா மக்கள் ஒரே குடியினர்; திருகோணமலையோ பல குடிகளின் கரை. ஆதலால் அவ்வேற்பாட்டை அப்படியே பெயர்த்து வந்து நடுதல் ஆகாது. இரு நிரல்கள் எமக்குப் போதா. மூன்றோ நான்கோ வேண்டியிருக்கும். அதுவும் நிகழக்கூடாததன்று. கரைவலைத் தொழிலை அறிந்தோர்க்குப் ‘பாடு’ என்னும் சொல் தெரியும். வலை வளைப்பதற்குரிய கரையின் பகுதியே பாடு. ஒரு பாட்டிற் பல வலைகளுக்கு உரிமையுண்டாயின் முறைவைத்து வளைப்பர். ஒருவன் முறையில் மற்றவன் இறங்கமாட்டான். பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும், துன்பம் என்றும், பங்கு என்றும் தமிழிற் பொருள்கள் உள. கடல் எல்லார்க்கும் பொது, ஆகவே எவனும் எதனையும் செய்வான் என்னும் வாதம், இச்சொல்லை அறியாதோர் கூறும் வாதம். பொதுக்கடலுக்கு முறையுண்டு, அது கரையிலே உண்டான முறை, எந்தத் திணைக்களமும் வகுத்துத் தந்ததன்று.

தமிழகத்துக் கரையினின்றும் ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகள் 1986ஆம் ஆண்டிற் கடல்சார் தேசிய பூங்காவாயின. இராமநாதபுரக் கரையின் பெண்கள் அத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசி பறித்து வாழ்ந்தவர்கள். பூங்கா வந்தபின் அவர்கள் அத்துமீறுவோர் எனப்பட்டனர். அவர்கள் கூடிப் பேசி, மாதத்திற் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பதென்றும், பாசி வளரும் பருவத்தில் எடுப்பதில்லையென்றும் தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். இது பூர்வ குடி மகிமையிலே பிறந்த கட்டுப்பாடன்று. நாளையும் பாசி வேண்டும் என்னும் கணக்கிலே பிறந்தது. எமக்கு இந்தக் கணக்கின்மீது, மகிமையின்மீது உள்ளதைவிட நம்பிக்கை மிகுதி.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். வெடிவைத்து மீன்பிடித்தோரும் இதே கரையினரே. தடையை மீறிச் சுருக்குவலை வளைப்போரும் இக்கரையிலுள்ளனர்; அவர்களோடு அன்றாடம் சச்சரவுபடுவோரும் சிறுதொழில் மீனவரே. கிழக்குக் கரையின் சில இடங்களில் முருகைக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புச் சூளையிலிட்டோர் வெளியூரார் மட்டுமல்லர். உள்ளூரார் கையிற் கொடுத்தால் யாவும் காக்கப்படும் என்பது, காட்டை வெறுமையாக்கினால் யாவும் காக்கப்படும் என்பதற்கு இணையான மூடநம்பிக்கை. முருகைக்கல் எவ்வளவு வெப்பம் தாங்கும், எப்போது வெளிறும், உடைந்த கிளை எத்தனை ஆண்டில் மீள வளரும் என்பவற்றைக் கடலோடியின் பட்டறிவு மட்டும் கூறிவிடாது, ஆய்வாளர் வேண்டும். ஆயின் அதே அளவையை மற்றப் பக்கத்துக்கும் பயன்படுத்தல் வேண்டும். மீன்பிடி தடுக்கப்பட்ட பின்னரும் புறாமலையின் முருகைக்கற்கள் உடைகின்றன; முழங்கால் நீரிலே அவற்றின்மீது கால்வைத்து நடப்போர் காண்பதற்கென்றே அனுமதி பெற்று வந்தவர்கள். காண்டல் தீங்கற்றது என்னும் சட்டத்தின் அடிப்படை நம்பிக்கையை அக்காலடிகள் பொய்யாக்கியுள்ளன. வருவோர் தொகையையும் வரும் பருவத்தையும் வரையறுத்தல் வேண்டுமெனின், எந்த நாளில் நீரோட்டம் எப்பக்கம், எந்தப் பாறை எத்தனை ஆழத்தில் என்பதை நாளும் பார்க்கும் படகோட்டி, அந்த வரையறையை எழுதும் மேசையில் ஏன் அமரக்கூடாது? அவருக்கு அங்கே நாற்காலி தருவதற்கு அவர் தமது பூர்வீகத்தை நிறுவவேண்டியதில்லை. அக்கடலிலே அவருக்குச் செய்தி உண்டு என்பது போதும்.

இவ்விடத்திலே தமிழ் பயில்வோர்க்கும் ஒரு வேலை இருக்கிறது. கடலடிப் பாறைத்திட்டைத் தமிழ்க் கடலோடிகள் பார் என்பர். மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பை நடத்திய குடியேற்ற அரசு, பெரிய பார், செவல் பார் என அவ்விடத்துத் தமிழ்ப் பெயர்களைத் தன் ஆவணங்களிற் கவனமாகப் பதிந்துகொண்டது. வரும்படி அவற்றிலிருந்து வந்தமையால். புறாமலையைச் சூழ்ந்த கடலிலிருந்து அத்தகைய வரும்படி இல்லை. ஆகவே அங்குள்ள பார்களின் பெயர்களைக் கேட்டெழுதும் அக்கறை எவர்க்கும் எழவில்லை. அவை கரையிலுள்ள முதியோர் வாயிலேயே உள்ளன. எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன், எந்தப் பாட்டில் யார் யாருக்கு முறை, எந்தக் காற்றிலே மலை எவ்வாறு தெரியும் என்பனவும் அவர்களிடமே உள்ளன. தமிழரிடமும் உள்ளன, முஸ்லிம்களிடமும் உள்ளன, வாடியடித்துத் தங்கும் சிங்கள மீனவரிடம் அவர்தம் மொழியிலும் இருக்கக்கூடும். உடன்படிக்கை ஒன்று எழுதப்படும் நாள் வருமாயின், அதன் ஒரு நிரலுக்கான வாசகம் 1937ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. மற்ற நிரல்களுக்கான சொற்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. எமது சங்கத்தார் சிலர் குறிப்பேட்டோடு செல்ல விரும்பின் வாடைக் காலத்திற் செல்லுதல் நன்று. அப்போது தோணிகள் கரையேறியிருக்கும், பயணிகளும் வரமாட்டார்கள், பேசுவதற்கு முதியோர்க்கு நேரமிருக்கும்.